அம்மாவுக்குச் சீனி வருத்தமா, மன வருத்தமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 63 வயது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில், இதைக் கேட்டு எழுதிய மகளோடு இருக்கிறார். சீனியும் பிரஷரும் பதினொரு வருடமாக உண்டு, ஆனால் குளிசையோடு நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். அதிலிருந்து சீனி ஒரு நிலையில் நிற்பதில்லை, மருந்தைக் கூட்டியும் சரிவரவில்லை. நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, கால் எரிவு, "ஒண்டிலும் மனமில்லை" என்ற பேச்சு. ஒரு டொக்டர் "எல்லாம் மனசுதான்" என்றாராம். இன்னொருவர் "மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லை" என்று ஏசினாராம். கனடாவில் இருக்கும் அக்கா, யோகா வகுப்பில் சேர்த்துவிடு என்கிறார். மனதை முதலில் பார்ப்பதா, உடம்பையா?

நான் இருபத்தேழு வருடமாகக் கொழும்பில் குடும்ப வைத்தியம் பார்க்கிறவன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கேட்கிறவரின் முகம்தான் மாறும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நமக்கு 'வருத்தம்' என்றால் நோய். சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம், வருத்தக்காரர் என்போம். தமிழ்நாட்டில் அதே சொல்லுக்குக் கவலை என்று பொருள். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த உறவினரிடம் என் மனைவி "இவருக்குக் கொஞ்சம் வருத்தம்" என்று சொல்லப்போக, அவர் பதறி "யார் என்ன சொல்லிட்டாங்க?" என்று கேட்டார். எனக்குச் சாதாரணக் காய்ச்சல். சிரித்துவிட்டு விட்டோம். ஆனால் டிஸ்பென்சரியில் இருக்கும்போது அது அடிக்கடி நினைவுக்கு வரும். 'யோசனை' என்ற சொல்லும் அப்படித்தான். நம்மிடம் யோசிப்பது என்றால் சிந்திப்பது மட்டுமில்லை, கவலைப்பட்டு உருகுவதும் அதுதான். "கனக்க யோசிக்காதேங்கோ, சீனி கூடும்" என்று வீட்டுக் கிழவிகள் சொல்வது, வைத்தியப் புத்தகத்தில் பல பக்கம் பிடிக்கிற விஷயம்.

உங்கள் இரண்டு டொக்டர்களும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் அன்று காலை இருந்த அம்மாவைப் பார்த்தார்கள். மூன்று வருடத்து அம்மாவை யாரும் பார்க்கவில்லை. மனமும் உடம்பும் ஒன்றையொன்று கெடுப்பது ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை. இது அதைக் கொஞ்சம் தள்ளும், அது திரும்ப இதைத் தள்ளும், அப்படியே வருடக்கணக்காகப் போகும். நடுவில் வந்து நின்று "எது முதல்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எங்கே பிடித்தால் நிறுத்தலாம் என்று கேட்டால் கிடைக்கும்.

அம்மாவை நான் பார்த்ததில்லை. அவர் என்ன குளிசை போடுகிறார் என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆனால் இதே கதையைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன் என்பதால், நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். பொருந்தாத இடத்தை விட்டுவிடுங்கள்.

செத்தவீடு, எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று 31 நாள் வீடு நிறைய ஆட்கள். அம்மாவுக்கு அழவும் நேரமிருக்காது. 32ஆம் நாள் வீடு வெறிச்சென்று போகும். நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், காலி வீதி நெரிசலில் வந்து சேர இரவு எட்டு ஆகும், பல நாள் அலுவலகத்திலேயே ஏதாவது சாப்பிட்டிருப்பீர்கள். முப்பது வருடம் ஒரு மனிதனுக்காக இரவில் இடியப்பமோ புட்டோ அவித்த கை அது. "ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்று ஒரு கோப்பை தேத்தண்ணியும் நாலு மாரி பிஸ்கட்டுமாக இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். ஆனால் குளிசையை மறக்க மாட்டார். டொக்டர் சொன்னதல்லவா.

அந்தக் குளிசை கிளிக்கிளசைட் வகையாக இருந்தால், வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். இரவு இரண்டு மணிக்குச் சீனி இறங்கும். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு பக்குப்பக்கென்று அடிக்கும், இனம் தெரியாத ஒரு பயம் வரும். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடப்பதும் கண்ணில் படும். அப்பா நெஞ்சு வருத்தத்தில் போயிருந்தால், தனக்கும் அதுதான் என்று நினைப்பார். எழுந்து போய் சீனி போட்ட தேத்தண்ணியும் இன்னும் நாலு பிஸ்கட்டும் எடுப்பார், கொஞ்சம் சுகமாக இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 190. கிளினிக்கில் அந்த 190ஐப் பார்த்து இரவுக் குளிசையைக் கூட்டுவார்கள். கூட்டினால் இரவு இன்னும் இறங்கும்.

இப்போது சொல்லுங்கள், இது மன வருத்தமா, உடம்பு வருத்தமா? துக்கம் சாப்பாட்டைக் குறைத்தது, குறைந்த சாப்பாட்டில் குளிசை சீனியை இறக்கியது, இறங்கிய சீனி பயத்தைக் கொண்டுவந்தது, பயம் நித்திரையைக் கெடுத்தது, மறுநாள் எதிலும் மனமில்லை. இரண்டு டொக்டர் சொன்னதும் இதற்குள் இருக்கிறது. இதில் யோகாவை எந்த இடத்தில் வைப்பது என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.

அதனால் படபடப்பு வரும் நேரத்தில் முதல் வேலை குளுக்கோமீற்றர். விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது சீனி இறக்கம். உடனே சீனி கரைத்த தண்ணீரோ பழச்சாறோ கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும், பிறகு சாப்பாடு. 120, 140 என்று இருந்தால் அது வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன். மீற்றர் இல்லாமல் இரண்டையும் பிரிக்க எனக்கே முடியாது, அனுபவமுள்ள வருத்தக்காரருக்கும் முடியாது. இன்னொன்று: படபடப்புக்கென்று யாராவது புரொப்ரனலோல் எழுதியிருந்தால், அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். சீனி இறங்குகிறது என்ற அறிகுறியே தெரியாமல் போகும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். அம்மாவின் குளிசைப் பெட்டியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆனால் எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், திடீரென்று விட்டால் ஆபத்தானவை அதில் சில உண்டு.

சமையலறைக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. மனம் உடம்பைக் கெடுப்பது என்றதும் எல்லோரும் ஹோர்மோன் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். அது உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. கவலை நீடித்தால் அதிரீனல் சுரப்பி கோர்ட்டிசோலை விடாமல் சுரக்கும். கோர்ட்டிசோல் ஈரலிடம் குளுக்கோஸை வெளியே விடச் சொல்லும், இன்சுலினின் வேலையை மந்தமாக்கும், பிரஷரையும் ஏற்றும். நித்திரை குறைந்தாலும் கிட்டத்தட்ட இதேதான். 1999இல் சிக்காகோவில் சுகதேகிகளான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு கிழமைக்குள்ளேயே அவர்களின் உடம்பு சீனியைக் கையாளும் விதம் கெட்டுப்போயிருந்தது. ஆனால் என் அனுபவத்தில், துக்கம் உடம்புக்குள் நுழையும் பெரிய வாசல் குசினிதான். அடுத்தது குளிசைப் பெட்டி, அதற்கடுத்தது செருப்பு: வெளியே போகிற செருப்பு எத்தனை நாளாக ஒரே இடத்தில் கிடக்கிறது என்பது. கோர்ட்டிசோலை நீங்களோ நானோ கையால் பிடிக்க முடியாது. இந்த மூன்றையும் பிடிக்கலாம்.

துணையை இழந்தவர் உடம்பால் நொந்துபோவது ஊர்க்கதை இல்லை. பிரித்தானியாவில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969இல் எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியோடு இருக்கும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். காரணங்களில் முதலிடம் இதய நோய்க்கு. நம்மூரிலும் மனைவி போன பிறகு ஒரு வருடம் தாங்காத ஆண்களை எல்லோருக்கும் தெரியும். பெண்கள் அவ்வளவு கெதியாக விழுவதில்லை. அவர்கள் மெல்ல மெல்லக் கரைவார்கள், அதனால்தான் வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவதில்லை.

காயம் ஆறுவதைப் பற்றியும் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது, சிறியது. அமெரிக்காவின் ஒஹாயோவில், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களையும், அப்படிச் சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்து, கையில் ஒரே அளவில் சின்னக் காயம் ஒன்றைச் செய்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்கு அது ஆற ஒன்பது நாள் கூடுதலாக எடுத்தது. 1995இல் வெளியானது. சீனிக்காரரின் காலில் புண் வந்து மாதக்கணக்காக ஆறாமல் இருக்கும்போது, "வீட்டில் ஆர் ஆரைப் பாக்கினம்?" என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மூன்று வருடத்தை விட்டு இன்னும் பின்னோக்கிப் போவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் வரும் ஓர் அம்மா, தன் கிளினிக் கொப்பிகள் அத்தனையையும் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவருவார் (அடையாளம் தெரியாமல் சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன்). ஓரம் கிழிந்த கொப்பிகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கையெழுத்து. ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் அவற்றைப் பின்னாலிருந்து புரட்டினேன். 2022இல் பல இடங்களில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் 'வெளியே வாங்கவும்' என்று இருந்தது. அந்த வருடம் நாட்டில் மருந்தும் இல்லை, எரிவாயுவும் இல்லை, இவர் குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். பிரஷர் 180. 2020இல் ஊரடங்கு, கிளினிக் மருந்து தபாலில் வந்த காலம், பல பக்கங்கள் வெறுமை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மூன்று மாதம் பிரஷர் 170க்குக் கீழே வரவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த ஞாயிறு அன்று இவர் அங்கே போக வேண்டியவர், காலையில் முழங்கால் நோவால் போகவில்லை. கொப்பியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "மருந்து கூட்டப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது.

83 ஆடிக் கலவரத்தில் இவர் கைக்குழந்தையோடு ஒரு பாடசாலையில் அகதியாக இரண்டு கிழமை இருந்தவர். அது எந்தக் கொப்பியிலும் இல்லை, அப்போது கொப்பியே கிடையாது. நான் கேட்டபோது, "அது பழைய கதை டொக்டர், இப்ப என்னத்துக்கு?" என்றார். ஆனால் உடம்புக்குப் பழைய கதை என்று ஒன்றில்லை. வியட்நாம் போர்க்கால அமெரிக்க இராணுவத்தில் இருந்த 281 இரட்டையர் சோடிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. போரின் மனவடு ஆறாதவர்களுக்கு இதய நோய் வந்தது, அப்படி இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இரட்டையர்கள் என்பதால், இது பரம்பரை, வளர்ந்த வீடு அப்படி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. 2004இல் வந்த 'இன்ரர்ஹார்ட்' ஆய்வில் 52 நாடுகள், இலங்கையும் அதில் ஒன்று. மாரடைப்பு வந்த ஏறத்தாழ 15,000 பேரை, வராத அதேயளவு பேரோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்புக்கு அவர்கள் எண்ணிய ஒன்பது காரணங்களில், புகைத்தல், பிரஷர், சீனி ஆகியவற்றோடு மனவழுத்தமும் மனச்சோர்வும் சேர்ந்து ஒன்றாக இருந்தன.

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு இதெல்லாம் வந்தே தீரும் என்று பயப்பட வேண்டாம். ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்கிற கணக்கு இது. ஒருவரின் சாதகக் குறிப்பு இல்லை.

இப்போது மறுபக்கம். உடம்பு மனதைக் கெடுப்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, அதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். பல வருடத்துக்கு முன், முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், வங்கியில் வேலை, கணவர் கட்டாரில். படபடப்பு, நித்திரையில்லை, எரிச்சல், மெலிந்துகொண்டே போகிறார். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் "யோசனைதான் பிள்ளை, அவர் வந்தால் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். நாலாவது தடவை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வந்தவர், பேனையைப் பிடித்த விதத்தில் ஏதோ உறுத்தியது. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்களுக்கு மேல் ஒரு கடதாசித் தாளை வைத்தேன். தாள் சருகு மாதிரி அதிர்ந்தது. தைரொயிட் கட்டுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. இரத்தப் பரிசோதனை ஒன்று செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் எடை கூடியது, நடுக்கம் போனது. நித்திரை மட்டும் முழுதாக வரவில்லை. கணவர் கட்டாரில்தானே இன்னும் இருந்தார். அதற்கு வேறாகத்தான் உட்கார்ந்து கதைக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து "மனசுதான்" என்று சொல்ல வாய் வந்தால், அதற்கு முன் நாலைந்து பரிசோதனை எழுதாமல் விடுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு: தைரொயிட், ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கு கிரியற்றினின், சோடியம், மிக முக்கியமாக விற்றமின் பி12. சீனிக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையை வருடக்கணக்காகப் போட்டால் உடம்பு பி12ஐ எடுத்துக்கொள்வது குறையும். அம்மா சைவமா? பால், முட்டையும் குறைவா? அப்படியானால் இரண்டு பக்கத்தாலும் குறையும். பி12 குறைந்தால் கால் எரிவு, விறைப்பு, களைப்பு, மறதி, மனச்சோர்வு எல்லாம் வரும், வந்தால் அதைச் சீனியின் தலையிலோ அப்பா போன துக்கத்தின் தலையிலோ கட்டிவிடுவது சுலபம். கொழும்பில் சைவ வீடுகளில் இது அரிதில்லை. ஊசியோ குளிசையோ போட்டால் தேறும், ஆனால் நரம்பு நெடுநாள் பழுதுபட்ட பிறகு முழுதாகத் திரும்பாது. அம்மாவும் இந்தப் பதினொரு வருடமாக மெற்போமின் போடுகிறவராக இருந்து, பி12 இன்னும் பார்க்காமல் இருந்தால், இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

சீனி வருத்தமே மனதைத் தேய்க்கிற வழிகள் வேறு. இரவில் மூன்று தடவை சலம் கழிக்க எழும்பினால் யாருக்கு நித்திரை வரும்? கால் எரிவு படுக்கையில்தான் கூடும். கோயில் அன்னதானத்திலும் கலியாண வீட்டிலும் "உங்களுக்குச் சீனியெல்லோ" என்று பாயாசக் கோப்பையைப் பின்னுக்கு இழுப்பார்கள். அது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பதினொரு வருடம் ஒவ்வொரு பந்தியிலும் நடக்கிறது. 2008இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவருக்குப் பின்னாளில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம், சீனி வருத்தம் உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம். இரண்டு பக்கமும் பாதை திறந்திருக்கிறது, ஒரு பக்கம் அகலம் அதிகம்.

கொழும்புக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அம்மா விடியற்காலையில் நம்பர் எடுத்து, பத்து மணிக்கு உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் தன் நிலையைச் சொல்ல வேண்டும், அதுவும் பெரும்பாலும் சிங்களத்தில். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம் அம்மாவிடம் இருக்கும். "பப்புவ ரிதெனவா", நெஞ்சு நோகுது என்று சொல்லத் தெரியும். ஆனால் "நெஞ்சுக்குள்ள ஒரு ஏக்கமா இருக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு வீடு அப்பிடியே விழுங்கிற மாதிரி" என்பதை எந்தச் சிங்களத்தில் சொல்வது? நெஞ்சு நோகுது என்று சொன்னால் ஈசிஜி எடுப்பார்கள், எடுக்கத்தான் வேண்டும். அது நன்றாக இருந்தால் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், வெளியே இருநூறு பேர் நிற்கிறார்கள். அதனால் அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள், போகாவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எத்தனை மணிக்குப் படபடப்பு, அப்போது மீற்றரில் எவ்வளவு, இரவு என்ன சாப்பிட்டார். ஒரு கிழமைக்கு எழுதினால் போதும். நல்ல டொக்டர் ஒருவருக்கு அந்தத் துண்டு எக்ஸ்ரே மாதிரி.

சீனி சரியான அளவில் இருக்கும்போதும் படபடப்பு வருகிறது, பரிசோதனைகளும் நன்றாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கடந்த இரண்டு கிழமையில் பெரும்பாலான நாள் மனம் சோர்ந்து, வழி தெரியாமல் இருந்ததா? முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் ஆர்வம் போய்விட்டதா? துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவில் பேரப்பிள்ளை வீடியோவில் சிரித்தால் அம்மாவும் சிரிப்பார். மனச்சோர்வு அப்படிப் போவதில்லை, பேரப்பிள்ளையைப் பார்த்தும் முகம் அசையாது. மூன்று வருடம் கழிந்தும் இரண்டு கேள்விக்கும் 'ஓம்' என்றால், அது வைத்தியம் தேவைப்படும் நோய். "அவரோடையே போயிருந்தா நல்லம்" என்று ஒரு பெருமூச்சில் சொல்வதை நம் அம்மாக்கள் எல்லோரிடமும் கேட்கலாம். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், குளிசையைச் சேர்த்து வைத்தால், நகைநட்டைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினால், வெட்கப்படாமல் நேரே கேளுங்கள்: "சாகோணும் எண்டு யோசிக்கிறீங்களா அம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஓம் என்றால் தனியே விடாமல், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அந்த நிறுவனம் அங்கொடையில் இருக்கிறது என்பதாலேயே பலர் கூசுகிறார்கள். ஊரில் 'அங்கொடை' என்பதை ஏச்சாக்கி வைத்திருக்கிறோம், அதன் விலையை வருத்தக்காரர்தான் கட்டுகிறார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில ஆஸ்பத்திரியிலும் மனநலக் கிளினிக் உண்டு. தமிழில் கதைக்கக்கூடியவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த வருத்தத்துக்கு அது முக்கியம்.

மனச்சோர்வுக் குளிசைகளைப் பற்றி நிறையப் பயம் இருக்கிறது. சேட்ரலின், ஃபுளுஒக்ஸெட்டின் போன்றவை அடிமைப்படுத்துகிறவை இல்லை, டொக்டர் சொல்வதுபோல் மெல்லக் குறைத்து நிறுத்தலாம். அடிமைப்படுத்துவது பார்மசியில் தெரிந்தவரிடம் வாங்கிப் போடுகிற நித்திரைக் குளிசைதான். அதற்கு யாரும் பயப்படுவதில்லை! வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு கிழமை ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூட. நாலாம் நாள் "ஒண்டும் நடக்கேல்ல" என்று விட்டுவிடாதீர்கள். அம்மா அஸ்பிரின் போடுகிறார் என்றால் அதைச் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வாய்ப்புக் கூடும். இந்த வயதில் சோடியமும் இறங்கலாம், அதனால்தான் மேலே சோடியம் பார்க்கச் சொன்னேன். ஃபுளுஒக்ஸெட்டின் சிலருக்குச் சீனியை இறக்கும், தொடங்கும் மாதத்தில் மீற்றர் கையோடு இருக்கட்டும்.

மனதைச் சரியாக்கினால் உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 2,481 பேரில் ஒரு பாதிக்கு மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள், 2003இல் முடிவு வந்தது. மனம் கொஞ்சம் தேறியது, இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. ஆனால் 2010இல் வோஷிங்டன் மாநிலத்தில் 214 பேரிடம் வேறு மாதிரிச் செய்தார்கள். சீனியோ இதய நோயோ உள்ள, கூடவே மனச்சோர்வும் உள்ளவர்கள் அவர்கள். ஒரே தாதி இரண்டையும் பார்த்தார்: இந்தக் கிழமை மனம் எப்படி, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, குளிசையைக் கூட்டுவதா, அடுத்த கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று விடாமல் கேட்டார். ஒரு வருடத்தில் மனம், சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாமே சேர்ந்து முன்னேறின. அப்படி ஒரு தாதி நம் கிளினிக்குகளில் கிடைக்க மாட்டார். அந்த வேலை மகளின் தலையில்தான் விழும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. உங்களால் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்றால் குளிசைப் பெட்டியையும் இரவுச் சாப்பாட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிக்கும் பெண்களின் காயம் பிந்தி ஆறியதை மறக்கவேண்டாம், அந்தப் பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள்.

நடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1999இல் வந்த ஓர் ஆய்வில், மனச்சோர்வுள்ள 156 நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் பதினாறு கிழமை உடற்பயிற்சியோ சேட்ரலினோ இரண்டுமோ கொடுத்தார்கள். முடிவில் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. ஆனால் "நடவுங்கோ அம்மா" என்று சொன்னால் நடக்க மாட்டார், அது எனக்கு நிச்சயம். மரைன் டிரைவில் பின்னேரம் ஐந்தரைக்கு நடக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு மூன்று பேராகத்தான் போவார்கள். உங்கள் தொடர்மாடியிலேயே அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம், வாசலில் வந்து மணியடித்து அம்மாவைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஆள் வந்து நின்றால் செருப்பைப் போட்டுத்தான் ஆக வேண்டும். முதல் கிழமை பெட்டிக்கடை வரை போய்த் திரும்பினாலும் போதும்.

அக்காவின் யோகாவில் தவறு ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு விருப்பமென்றால் போகட்டும். ஆனால் அக்காவிடம் நான் கேட்பது வேறு. ரொறன்ரோவில் கோடைகாலத்தில் காலை பத்தரை என்றால் இங்கே இரவு எட்டு. அந்த நேரத்தில் வீடியோ அழைப்பு எடுத்து, அம்மா கோப்பையில் சோறோ இடியப்பமோ போட்டுக்கொண்டு வந்து மேசையில் இருக்கும்வரை காத்திருக்கட்டும். என்ன கறி என்று கேட்கட்டும். பிஸ்கட் என்றால் கொஞ்சம் ஏசட்டும். அம்மா கை கழுவும்வரை அழைப்பை வைக்க வேண்டாம்.